பெரிய எஞ்சினா, அதே எஞ்சினா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் போய்விட்டால் உரிமையாளர் முதலில் கொஞ்சம் துக்கம் காப்பார். பிறகு மெல்லக் கேட்பார்: "எப்படியும் மாற்றத்தான் போகிறோம், சற்றுப் பெரியதாகவே போட்டுவிட்டால் என்ன?" சிங்கப்பூரில் கார்ப் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் இந்தக் கேள்வியைக் காதில் வாங்காத மெக்கானிக் இருக்க மாட்டார். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழையது எதனால் செத்தது? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கும் எஞ்சின், பெரும்பாலும் அதே நோயோடுதான் வந்து இறங்கும்.

எடுத்துக்காட்டாக முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1996 முதல் 2004 வரை தயாரான கார். அதன் எம்96 எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாக, தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால், பிஸ்டன்கள் சுழற்றும் நடுத்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை அங்கே கொண்டுபோக வேண்டும். அதற்காகக் கிராங்க்குக்குக் கீழே ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. கிராங்க் ஒரு சங்கிலியால் இடைத்தண்டைச் சுழற்றுகிறது. இடைத்தண்டு வேறு சங்கிலிகளால் இரு பக்கத்துக் கேம் ஷாஃப்ட்களையும் சுழற்றுகிறது. ஆயில் பம்ப்பும் அதன் ஒரு முனையிலிருந்துதான் ஓடுகிறது.

சிக்கல் மறுமுனையில். காற்றால் குளிரும் பழைய போர்ஷே எஞ்சின்களில் இந்தத் தண்டு அழுத்தத்தோடு வரும் ஆயில் படலத்தின்மேல் மிதந்து சுழன்றது. எம்96-இல் ஃபிளைவீல் (கிளட்ச் பொருந்தும் கனச் சக்கரம்) பக்கத்து முனைக்கு, உள்ளே கிரீஸ் அடைத்து இரு பக்கமும் ரப்பரால் மூடிய பால் பேரிங் ஒன்றை வைத்தார்கள். வெப்பத்தில் ரப்பர் மூடி இறுகும். பக்கத்தில் தேங்கியிருக்கும் ஆயில் மெல்லக் கசிந்து உள்ளே போய்க் கிரீஸைக் கரைக்கும். போன ஆயில் வெளியே வராது, புது ஆயிலும் உள்ளே போகாது. எரியாத பெட்ரோல், நீர், அமிலம் எல்லாம் கலந்த பழைய ஆயிலில் எஃகு உருண்டைகள் ஊறிக் கிடக்கும். நாளடைவில் அவற்றின் மேற்பரப்பில் குழி விழும், பேரிங் ஆட்டம் காணும், தண்டு மையம் விலகும், சங்கிலி பல் தாண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு நூறு முறை சிலிண்டரின் உச்சிக்கு வந்து போகிறது. அந்த வேகத்தில் வால்வு மூடத் தவறினால் பிஸ்டன் அதை முட்டி வளைத்துவிடும். அதோடு எஞ்சின் கதை முடிந்தது.

தொடக்கத்தில் வந்த எஞ்சின்களில் உருண்டைகள் இரண்டு வரிசை. 2000 வாக்கில் ஒற்றை வரிசையாக்கினார்கள், பலவீனமானது அதுதான். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காகத் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2006 வாக்கில் பெரிய பேரிங் வந்தது. அது உறுதியானது, ஆனால் எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் அதைக் கழற்ற முடியாது. 2009 மாடல்களில் வந்த புதிய எஞ்சினில் இடைத்தண்டே இல்லை.

தினமும் நெடுந்தூரம் ஓடும் காரைவிட, போர்த்தி வைத்த காரில்தான் இந்தக் கோளாறு அதிகம் என்பது மெக்கானிக்குகள் பலரின் அனுபவம். காரணம் புரியாததல்ல. ஆயில் நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகும். வாரம் முழுக்கக் குடியிருப்பு புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் உறங்கிவிட்டு, ஞாயிறு காலை தெம்பனிஸிலிருந்து சாங்கி வரை போய்க் காலை உணவோடு திரும்பும் காருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. குறைந்த கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும்போது, அதைச் சற்றுச் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

சாவின் காரணத்தை ஆயில் ஃபில்டரே சொல்லிவிடும். கத்தியால் காகித மடிப்புகளை அறுத்து, விசிறிபோல் விரித்து, வெயிலில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான எஃகுத் துகள் என்றால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் சங்கிலியைத் தாங்கும் பட்டைகளிலிருந்து வருபவை. செம்பு நிறம் தெரிந்தால் கிராங்க்கின் பேரிங்குகள் தேய்கின்றன. காந்தத்துக்கு அசையாத வெள்ளி நிறத் துகள் அலுமினியம்; அது வந்தால் சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

ஏனெனில் இந்த எஞ்சின்களின் சிலிண்டரில் இரும்பு உறை கிடையாது. அலுமினியத்தில் பொதிந்த சிலிக்கான் மணிகளின்மேல்தான் பிஸ்டன் வழுக்கி ஓடுகிறது. பிஸ்டனின் பக்கவாட்டிலும் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு உரிந்தால் அலுமினியம் அலுமினியத்தோடு உரசி, சுவரில் நெடுங்கோடுகளாகக் கீறல் விழும். சிறிய எஞ்சின்களில் இது குறைவு. பின்னாளில் வந்த 3.6, 3.8 லிட்டர் எஞ்சின்களில் அதிகம். கீறல் விழுந்த சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் பழைய வைத்தியம் இங்கே எளிதில் பலிக்காது. கடைந்தால் அந்தச் சிறப்பு மேற்பரப்பும் போய்விடும். புதிய உறை செருகியாக வேண்டும். அது எல்லாப் பட்டறைகளாலும் ஆகிற வேலையல்ல.

இப்போது பெரிய எஞ்சின் கேள்விக்கு வரலாம். 2.7 லிட்டர் பாக்ஸ்டரில், அக்காலத்து போர்ஷே 911 காரின் 3.4 லிட்டர் எஞ்சின் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். இரண்டும் ஒரே குடும்பம். கொள்ளளவு நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆசை வருவது இயல்புதான். ஆனால் எஞ்சினை நடத்துவது கணினி. உள்ளே போகும் காற்றின் எடையை ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கேற்ற பெட்ரோலையும் தீப்பொறி விழும் நேரத்தையும் கணினி தீர்மானிக்கிறது. மிதமான ஓட்டத்தில் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் பிழைகளைத் திருத்திவிடும், வண்டி சமர்த்தாக ஓடும். விரைவுச்சாலையில் முழுதாக மிதிக்கும்போது அந்தத் திருத்தம் நின்றுவிடும், கணினி தன் அட்டவணையை மட்டும் நம்பும். 2.7-க்கு எழுதிய அட்டவணை. காற்றுச் சென்சாரும் அந்த அளவுக்குப் பழகியது. 3.4 இழுக்கும் காற்று அந்த எல்லையைத் தாண்டினால் கலவையில் பெட்ரோல் குறையும், எரியறை அளவுக்கு மீறிச் சூடேறும், வெடிப்பு முறை தவறும். பிஸ்டன் பழுதாவது இப்படித்தான். கணினிக்கும் புது அட்டவணை எழுதினால்தான் வேலை முழுமையாகும். 2.7-உடன் வந்த ஐந்து கியர் பெட்டியும் சிறிய பிரேக்கும் வேறு இருக்கின்றன, அவையும் அந்தச் சிறிய எஞ்சினுக்கென அமைந்தவை.

அடுத்து வரி. சிங்கப்பூரில் பெட்ரோல் காரின் சாலை வரி கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 3,000 சிசியைத் தாண்டினால் விகிதமே கூடுகிறது. 14 வயதைத் தாண்டிய காருக்கு அதன்மேல் 50 விழுக்காடு. இந்தக் கணக்கில் 2,687 சிசிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,030 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 3,387 சிசிக்கு ஏறத்தாழ 4,490 வெள்ளி. காரை ஓட்டினாலும் நிறுத்தி வைத்தாலும் இந்த 1,460 வெள்ளி வித்தியாசம் ஆண்டுதோறும் கட்டியாக வேண்டியது. எஞ்சினை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். வேறு நிறுவனத்தின் எஞ்சினைப் பொருத்தும் அமெரிக்க வழக்கத்தை இங்கே கனவில் வைத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், அதே கொள்ளளவுள்ள எஞ்சின்தான். அதிலும், மோதி நொறுங்கிய காரிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். விபத்தில் செத்த காரின் எஞ்சின் அந்த நிமிடம் வரை ஓடிக்கொண்டிருந்தது; வேறு காரணம் சொல்லி விற்கப்படும் எஞ்சினுக்கு அந்தச் சாட்சி இல்லை. காரில் ஏற்றும் முன், எஞ்சின் தரையில் இருக்கும்போதே இடைத்தண்டின் பேரிங்கைப் புதிதாக்கிவிட வேண்டும். ஏற்றிய பிறகு செய்வதென்றால் அதற்குக் கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் இறக்கியாக வேண்டும், கூலி இரட்டிப்பு.

எவ்வளவு செலவழிப்பது என்பதை, சிங்கப்பூரில் கார் வைத்திருக்கப் பத்தாண்டுக்கு வாங்கும் வாகன உரிமைச் சான்றிதழ்தான் தீர்மானிக்கும். பத்தாண்டு முடிந்ததும் அதை இன்னொரு பத்தாண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ நீட்டிக்கலாம். ஐந்தாண்டு நீட்டிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. அது முடிந்தால் காரைப் பதிவிலிருந்து நீக்கி, உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டியதுதான். சான்றிதழில் இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும் காருக்கு, புதிய சிலிண்டர் உறைகளோடு முழுமையாகப் புதுப்பித்த எஞ்சினைப் போடுவது எனக்கு வீண் ஆடம்பரமாகவே படுகிறது. நல்ல பழைய எஞ்சின் போதும்.

பொருத்தும்போது பலர் கோட்டை விடுவது ஆயில் கூலரில். பழைய எஞ்சின் சிதறிய எஃகுத் துகள்கள் அதன் நுண் குழாய்களில் பதுங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. அதையே புதிய எஞ்சினில் மாட்டினால் முதல் நாளே அந்தத் துகள்கள் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். கூலர் புதிதாகத்தான் இருக்க வேண்டும். முன் பம்பரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ரேடியேட்டர்கள் இரு மூலைகளிலும் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஏர்கான் கண்டென்சர். இரண்டுக்கும் நடுவே தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள் மக்கி, ஈரத்தோடு அடையாகப் படிந்திருக்கும். காற்று புகாத ரேடியேட்டரோடு புதிய எஞ்சினை நண்பகல் நெரிசலுக்கு அனுப்ப வேண்டாம்.

எஞ்சின் எண் கீழ்ப்பக்கத்தில், ஆயில் தொட்டிக்கு அருகே பொறிக்கப்பட்டிருக்கும். ஏற்றிய பிறகு டார்ச்சோடு காருக்கடியில் படுத்துத் தேடும் நிலை வராமல், தரையில் இருக்கும்போதே அழுக்கைத் துடைத்துத் தெளிவாகப் படம் எடுத்துவிடுங்கள். ஆணையத்தின் பதிவில் மாற வேண்டியது அந்த எண்தான்.