ரிகர்சல் ரூமில் படம் எடுக்கிறீர்களா? முதலில் சுவரைப் பாருங்கள்

வடசென்னையின் வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒரு கானா குழு ரிகர்சல் பார்க்கும் அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். அதற்குள் கீபோர்டு ஸ்டாண்டு, ரிதம் பேட், டோலக், இரண்டு ஸ்பீக்கர், ஆறேழு பேர். சுவரில் அம்பேத்கர் படம், போட்டிகளில் வாங்கிய ஷீல்டுகள், போன வருஷத்து ஃபிளெக்ஸ், மளிகைக்கடை காலண்டர். மூலையில் கேரம் போர்டு, கேஸ் சிலிண்டர். இத்தனைக்கும் நடுவில் பாடகரை நிறுத்தி ஒரு படம் எடுத்தால் கண் அவர் முகத்துக்குப் போவதற்குள் பத்து இடத்தில் இடறி விழுகிறது.

அப்போது கை தானாகப் போவது போர்ட்ரெய்ட் மோடுக்கு. இல்லையென்றால் ஆப்பில் பின்னணியை மொத்தமாக வெட்டிவிட்டு ஊதா நிற ஒளி ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். இரண்டையும் தவிர்க்கச் சொல்வோம். ஃபோன் போடும் மங்கல் லென்ஸில் வருவதல்ல, கணக்குப் போட்டு வரைவது. முகத்தின் ஓரத்தை ஓரளவு சரியாகப் பிடிக்கும். மெல்லிய பொருளில் தடுமாறும். பறை அடிப்பவரின் இடது கையில் இருக்கும் நீளமான சுண்டுக்குச்சி பாதியில் கரைந்துபோகும், வலது கையின் தடித்த அடிக்குச்சி மட்டும் நிற்கும். கிடார் கம்பி, மைக் ஒயர், சிம்பல் விளிம்பு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வாசிப்பவர் கண்ணுக்கு இது உடனே தெரியும். தன் வாத்தியத்தை அரைகுறையாகக் காட்டும் படத்தை யாரும் போஸ்டரில் போட மாட்டார்கள்.

பின்னணியை அடக்கச் செலவில்லாத வழி தூரம். ஆளைச் சுவரிலிருந்து முன்னால் இழுங்கள். நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி நின்று அவர் மேல் ஃபோகஸ் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அவருக்குப் பின்னால் அரை மீட்டரில் சுவர் இருந்தால் கிடைக்கும் மங்கலைவிட, சுவர் இரண்டு மீட்டரில் இருந்தால் இரண்டரை மடங்கு மங்கல் கிடைக்கும். எந்த லென்ஸானாலும் இந்த விகிதம் மாறாது. சின்ன அறையில் இரண்டு மீட்டருக்கு எங்கே போவது? மூலைக்கு மூலை போங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் குறுக்களவு பதினைந்தரை அடிக்கு மேல் வரும். நீங்கள் ஒரு மூலையில் முதுகை ஒட்டி நின்று, அவரை நடுவில் நிறுத்தினால் எதிர்மூலை அவருக்குப் பின்னால் ஏழு அடிக்கு மேல் தள்ளிப்போய்விடும். அதுவும் போதவில்லை என்றால் வாசற்படிக்கு வெளியே நின்று உள்ளே எடுங்கள். கதவுச் சட்டம் இரண்டு பக்கத்துச் சாமான்களையும் மறைத்துவிடும்.

கேமராவில் 50 மிமீ லென்ஸ் இருந்தால் எஃப் 1.8-இல், அதாவது லென்ஸின் துளையை அகலத் திறந்து, எல்லாவற்றையும் எடுத்துத் தள்ள வேண்டாம். ஃபுல் ஃபிரேமில் (ஃபிலிம் அளவு பெரிய சென்சார் உள்ள கேமராவில்) இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஷார்ப்பாக இருக்கும் ஆழம் சுமார் 17 சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும், நீட்டிய கையில் இருக்கும் டிரம்பெட்டின் வாய் மங்கிவிடும். ஒரு ஆளுக்கு எஃப் 2.8, இருவர் முன்பின்னாக நின்றால் எஃப் 4 என்று தொடங்குங்கள். ஃபோன் என்றால் 2எக்ஸ் லென்ஸுக்கு மாறி, பின்னால் நகருங்கள். வைடில் கிட்டே போய் எடுத்தால் சுவர் முழுக்க உள்ளே வரும், ஓரத்தில் நிற்பவர் முகமும் அகலமாகும்.

இனி, பலர் கவனிக்காத ஒன்று. நம் பக்கத்து அறைகளில் சுவரின் கீழ்ப்பாதிக்கு ஒரு நிறம், மேலே வேறு நிறம் அடித்திருப்பார்கள். அந்த இரண்டும் சேரும் கோடு தரையிலிருந்து நான்கடி வாக்கில் ஓடும். நாற்காலியில் உட்கார்ந்து தபேலாவோ கீபோர்டோ வாசிப்பவரின் காது ஏறக்குறைய அதே உயரம். அவர் கண் மட்டத்தில் கேமராவை வைத்தால் கோடு ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே வரும். தலையை இரண்டாக அறுத்ததுபோல இருக்கும். இதற்கு எடிட்டிங் வேண்டாம், முழங்கால் போதும். அவர் ஆறடியில், சுவர் ஒன்பதடியில் இருக்கும்போது கேமராவை இரண்டடி உயரத்துக்கு இறக்கினால் கோடு அவர் தோள் மட்டத்துக்கு வந்துவிடும். ஸ்டூல் மேல் ஏறி ஆறடி உயரத்திலிருந்து எடுத்தால் கோடு தலைக்கு மேலே போய்விடும். எதற்கும் ஒரு விலை உண்டு: கீழிருந்து எடுத்தால் பரணும் ஃபேனும் உள்ளே வரும், மேலிருந்து எடுத்தால் தரையில் கிடக்கும் ஒயர்கள் வரும். ஜன்னல் கம்பி, கொடிக்கயிறு, தலைக்குப் பின்னால் முளைக்கும் டியூப் லைட் எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான். பட்டனை அமுக்குமுன் தலையைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். தலையைத் தொடும் கோடு எதுவும் இருக்கக் கூடாது. மைக்கையும் பாருங்கள், நேர் எதிரே நின்றால் அது வாயை மறைக்கும், பாடகரின் பக்கவாட்டுக்கு ஓரடி நகர்ந்தால் உதடு தெரியும்.

வெளிச்சத்தாலும் பின்னணியை அடக்கலாம். சின்ன எல்இடி விளக்கு முகத்துக்கு ஒரு மீட்டரிலும் சுவருக்கு மூன்று மீட்டரிலும் இருந்தால், சுவருக்குப் போவது ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான். அறை விளக்கை அணைத்துவிட்டால் காலண்டர் தானே இருட்டுக்குள் போய்விடும். டியூப் லைட்டையும் மஞ்சள் பல்பையும் சேர்த்து எரிய விட வேண்டாம். தோலின் நிறம் எந்த எடிட்டிங்கிலும் சரிவராது. நமக்கு வரும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் டியூபும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் படத்தில் பட்டை விழாது. ஆனால் 1/100-இல் பறைக்குச்சி அசைந்துவிடும். அதை நிறுத்த 1/500 வேண்டும். அதற்கு நிறைய வெளிச்சம் தேவை, இடம் மொட்டை மாடி.

மாடியில் பிரச்சினை வேறு மாதிரி: சின்டெக்ஸ் டேங்க், டிஷ், கேபிள் ஒயர், அடுத்த வீட்டுத் துணி. குத்துக்காலிட்டு உட்காருங்கள். கைப்பிடிச் சுவர் கொடியை மறைக்கும், பின்னால் வானம் மட்டும் நிற்கும். வானம் வெளுத்திருந்தால் முகம் கறுக்கும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) ஏற்றுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கிழக்கே இருப்பதால் சாயங்கால வெயில் ஊர்ப்பக்கத்திலிருந்து வரும். வேலை முடிந்து ஆட்கள் கூடும் ஐந்து மணி வாக்கில் அவர்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தால் முகத்தில் வெயில், பின்னால் கடல் பக்கத்து வானம். பேண்டு செட் என்றால் பித்தளையைக் கவனியுங்கள். டிரம்பெட் வாயில் நீங்களும் உங்கள் பின்னால் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளும் தெரிவீர்கள். வாத்தியத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னால் பிரதிபலிப்பு வானத்துக்குப் போகும்.

சாமான்களை நகர்த்துவதற்கு வருவோம். பாட்டு நடுவில் எதையும் தொடாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பாட்டு முடிந்ததும், “அண்ணா, இந்தச் சேரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைக்கலாமா?” என்று கேட்டால் நாலு பேர் எழுந்து உதவுவார்கள். நாற்காலி, தண்ணீர் கேன், சிலிண்டர், செருப்பு, பளிச்சென்ற பிளாஸ்டிக் கவர் ஆகியவற்றை எடுத்துவிட்டாலே முக்கால்வாசி இரைச்சல் போய்விடும். ஆம்ப்ளிஃபயர் ஒயரை மட்டும் நீங்களாக இழுக்க வேண்டாம்.

சுவரில் இருப்பது வேறு விஷயம். அம்பேத்கர் படத்தையும் ஷீல்டுகளையும் இறக்கச் சொல்வது நம் வேலை இல்லை. 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் ராப்பையும் சேர்த்து மேடையேற்றிய பிறகு, இந்தப் பாட்டைத் தேடிக் கேமராவோடு வருகிறவர்கள் பலர். அவர்கள் எடுத்துப்போகும் படத்தில் பாடகர் எந்தத் தெருவிலும் இல்லாதவராக, வெற்றுக் கறுப்புக்கு முன்னால் நிற்பது எங்களுக்கு வருத்தம் தருகிறது. ஒரு படத்துக்கு ஒரு சாட்சி போதும். அம்பேத்கர் படம் வேண்டுமென்றால் அதை ஃபிரேமின் மேல் மூலையில் முழுசாக வையுங்கள், பாதி வெட்டாதீர்கள், மற்றதை விலக்குங்கள்.

உள்ளே வரவே கூடாதவையும் சில உண்டு. ஃபிளெக்ஸில் இருக்கும் ஃபோன் நம்பர், வாசலில் நிற்கும் பைக்கின் நம்பர் பிளேட், பக்கத்து வீட்டு ஜன்னலில் நிற்கும் பெண்கள், கேட்காமல் எடுத்த குழந்தைகள். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது பாட்டு நோட்டு. ஸ்டாண்டில் விரித்து வைத்த பக்கத்தை இப்போதைய ஃபோன் கேமராவில் பெரிதாக்கினால் வரி வரியாகப் படிக்கலாம். வெளிவராத பாட்டின் பல்லவி உங்கள் ஸ்டேட்டஸ் வழியாகப் போய்விட்டால் திரும்பி வராது. நோட்டைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு நல்ல ஃபிரேமையும் இரண்டு தடவை எடுங்கள்: ஒன்று நெருக்கமாக, இன்னொன்று ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாக. தேதியும் இடமும் போட டிசைனருக்கு அந்தக் காலியிடம்தான் வேண்டும். குழுவின் மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் சுருங்கிவிடும், பேனரில் முகம் உடைந்துபோகும்.