டாங்கிளை முன்னால் கொண்டு வாருங்கள்

ஹாலில் டிவிக்குக் கீழே பிசி, பத்தடி தள்ளி சோபா. ப்ளூடூத் கன்ட்ரோலரில் கேம் ஆடும்போது, நடுவில் ஸ்டிக்கை விட்ட பிறகும் நம் ஆள் ஓடிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டுகிறான். கன்ட்ரோலர் போய்விட்டது என்று புதியது வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், பிசியின் பின்பக்கத்தில் டாங்கிள், அதாவது கன்ட்ரோலரின் சிக்னலை வாங்கும் அந்தச் சின்ன யுஎஸ்பி துண்டு, எங்கே செருகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ப்ளூடூத் கன்ட்ரோலர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் பேசுகின்றன. அந்தப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, வினாடிக்கு 1,600 முறை வரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது ப்ளூடூத்தின் வழக்கம். வைஃபையும் அங்கேதான் குடியிருக்கிறது. ஒரு வைஃபை சேனல் இருபது தடங்களையாவது அடைத்துக்கொள்ளும். ஆனால் 2003-இல் வந்த ப்ளூடூத் 1.2 முதல், இரைச்சலான தடங்களைக் குறித்து வைத்து ஒதுக்கிவிட்டுத் தாவும் வித்தை இருக்கிறது. அதனால் வைஃபையை அது ஓரளவு சமாளித்துவிடும்.

சமாளிக்க முடியாதது யுஎஸ்பி 3.0. அதில் தரவு வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் பாயும்போது, போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் கசியும் மின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதிலும் பரவுகிறது. தப்பித் தாவ இடமே இல்லை. இன்டெல் 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க் செருகிய போர்ட்டுக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகுவது, தவிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பந்தியிலிருந்து கூப்பிடுபவரின் குரலைக் கேட்க முயல்வது மாதிரி. கூப்பிடுகிறவர் ஒழுங்காகத்தான் கூப்பிடுகிறார். போதாததற்கு, பிசியின் இரும்புக் கூடும் அலையை மறைக்கிறது.

ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை டிவி ஸ்டாண்டின் முன்விளிம்புக்குக் கொண்டு வாருங்கள். புதுக் கன்ட்ரோலரின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மதர்போர்டிலேயே ப்ளூடூத் இருந்தால், பெட்டியில் வந்த ஆன்டெனாவைத் திருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வைஃபைக்குத்தானே, நமக்கு எதற்கு என்று பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ப்ளூடூத்துக்கும் அதுதான் காது. பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2013-இல் வந்த முதல் வகையில் ப்ளூடூத் கிடையாது, 2016-இல்தான் சேர்த்தார்கள். முந்தையதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

சரி, சார்ஜ். இரவில் பிசியிலேயே செருகிவிட்டுப் படுத்தால், காலையில் கன்ட்ரோலர் காலியாகவே கிடக்கலாம். பிசியை அணைத்ததும் யுஎஸ்பிக்கு மின்சாரத்தை நிறுத்தும் அமைப்பு பல மதர்போர்டுகளின் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரையில், உண்டு. சாதாரண 5 வோல்ட் போன் சார்ஜரே போதும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைக் கன்ட்ரோலருக்குள் இருக்கும் சுற்றுதான் முடிவு செய்கிறது. லித்தியம் செல் 4.2 வோல்ட்டை எட்டியதும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடும். அதனால் பெரிய சார்ஜர் என்று பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது காலியான பேட்டரிக்குத்தான். தேர்வு மாதங்களில் கன்ட்ரோலரை எடுத்து வைப்பதானால், பாதி சார்ஜ் ஏற்றி வையுங்கள்.