அம்மோனியாவை அடக்கும் கல்லீரல்

சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தின் நுனியில் சின்னதாய் ஒரு வெள்ளை இருக்கும். அதுதான் பல்லியின் சிறுநீர். கெட்டியான யூரிக் அமிலம். பூச்சியைத் தின்று கிடைத்த புரதத்தில் மிஞ்சிய நைட்ரஜனை, தண்ணீரை வீணாக்காமல் அப்படி வெளியேற்றுகிறது. அதே வேலைக்கு நம் உடம்பு யூரியாவை நம்பியிருக்கிறது.

பருப்போ மீனோ முட்டையோ, அதிலுள்ள புரதம் இரைப்பையில் அமிலத்திலும் பெப்சின் என்ற நொதியிலும் ஊறி, சிறுகுடலில் டிரிப்சின் முதலிய கணைய நொதிகளிடம் வெட்டுப்பட்டு, அமினோ அமிலங்களாக ரத்தத்தில் சேர்கிறது. தேவையானதை உடம்பு எடுத்துக்கொள்ளும். சரி, மிஞ்சியது? மாவுச்சத்து மிஞ்சினால் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகும், கொழுப்பு மிஞ்சினால் தோலுக்கடியில் இடம் உண்டு. அமினோ அமிலத்துக்குக் கிடங்கே கிடையாது. நைட்ரஜனைக் கழற்றிவிட்டு மீதியைத்தான் எரிக்க முடியும்.

கழற்றும் நொதிகளில் இரண்டை ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்திருப்பீர்கள்: எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி. ஒரு மூலக்கூறின் நைட்ரஜனை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பவை இவை. கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் கசிந்துவிடும், அதனால்தான் அந்த எண் ஏறுகிறது.

இப்படிக் கைமாறும் நைட்ரஜனில் ஒரு பகுதி அம்மோனியாவாகிறது. மூளைக்கு அது நஞ்சு. மீனுக்குக் கவலையில்லை, செவுள் வழியே தண்ணீரில் கரைத்துவிடும். தலைப்பிரட்டையும் பெரும்பாலும் அம்மோனியாவையே வெளியேற்றுகிறது. தவளையாகிக் கரையேறும் நாட்களில்தான் அதன் கல்லீரல் யூரியா தயாரிப்புக்கு மாறுகிறது. உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

அம்மோனியா எப்படி யூரியாவாகிறது என்று 1932-இல் கண்டுபிடித்தவர்கள் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் வேலை பார்த்த ஹான்ஸ் கிரெப்ஸும், மருத்துவ மாணவர் கர்ட் ஹென்சலைட்டும். எலியின் கல்லீரலை மெல்லிய சீவல்களாக்கி, அம்மோனியாவோடு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தபோது யூரியா மளமளவென உருவானது. வியப்பு என்னவென்றால், ஆர்னிதின் செலவாகவே இல்லை!

கிணற்றில் இறங்கி நீர் மொண்டு, மேலே வந்து கொட்டிவிட்டு, வெறுமையாகத் திரும்பும் கவலைச் சால் (மாடு பூட்டி நீர் இறைக்கும் வாளி) போன்றது ஆர்னிதின். அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் ஏற்றுச் சிட்ரூலின் ஆகிறது. (தர்பூசணியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்த பெயர் இது.) பிறகு அஸ்பார்டிக் அமிலத்திடமிருந்து இன்னொரு நைட்ரஜனைப் பெற்று ஆர்ஜினின் ஆகிறது. ஆர்ஜினின் பிளந்ததும் யூரியா தனியே விழ, ஆர்னிதின் மீண்டும் கிடைக்கிறது. இதைக் கண்டுபிடித்த மறு ஆண்டே, யூதர் என்பதால் நாஜி அரசு கிரெப்ஸை வேலையிலிருந்து நீக்கியது. அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பாடப்புத்தகத்தில் நாம் படித்த சிட்ரிக் அமிலச் சுழற்சி அங்கே 1937-இல் வந்தது.

புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். 100 கிராம் புரதம் முழுதாக எரிந்தால் சுமார் 34 கிராம் யூரியா சேரும். இதில் பெரும்பங்கைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் யூரியா ஏறும்.

கல்லீரல் தளர்ந்தாலோ அம்மோனியாவே மூளைக்குப் போகிறது. குடல் பாக்டீரியாக்களும் அம்மோனியா உண்டாக்குவதால், மலச்சிக்கல் நிலைமையை மோசமாக்கும். மருத்துவர்கள் லாக்டுலோஸ் சிரப் கொடுப்பது இதற்காகத்தான். அது குடலை அமிலமாக்கி, அம்மோனியாவை அங்கேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். வீட்டில் கல்லீரல் சுருக்கம் உள்ளவர் யாராவது இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்கினால், பேச்சு தடுமாறினால், நீட்டிய கை படபடவென்று ஆடினால், வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.