அடாப்டர் மின்மாற்றி அல்ல

காரைக்குடியில் இப்போது வைஃபை ரவுட்டரோ செட்டாப் பாக்ஸோ வாங்கினால், கூடவே ஒரு தமிழ்க் குறிப்புத்தாளும் வருகிறது. 'மின்மாற்றியைச் சுவரில் செருகவும்' என்கிறது அது. இங்கே மின்மாற்றி என்றால் தெருமுனைக் கம்பத்தில் உட்கார்ந்து உறுமும் டிரான்ஸ்பார்மர்தான். அதை எந்த ஆச்சி எந்தச் சுவரில் செருகுவார்?

அந்தத் தாள் சொல்ல வந்தது கருவியோடு வரும் அடாப்டரை. அடாப்டர் என்பது லத்தீன் வழி வந்த சொல். 'பொருந்தச் செய்வது' என்று பொருள். 'தகவி' என்று அகராதிக்காரர்கள் ஆக்கினார்கள், கடைத்தெரு கண்டுகொள்ளவில்லை. டேப்ரிக்கார்டர் காலத்தில் பழுது பார்ப்பவர்கள் இதையே எலிமினேட்டர் என்றார்கள். பேட்டரிச் செலவை ஒழிப்பதால் அந்தப் பெயர்.

சரி, மின்மாற்றி ஏன் தவறு? டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். உள்ளே போவதும் மாறுதிசை மின்சாரம் (ஏசி, திசை மாறி மாறி ஓடுவது), வெளியே வருவதும் மாறுதிசை. அதற்கு மாறாத நேர்திசை மின்சாரத்தை (டிசி, ஒரே திசையில் ஓடுவது) கொடுத்துப் பாருங்கள், மறுபக்கம் ஒன்றும் வராது. சுருள் சூடாவதுதான் மிச்சம். அடாப்டரின் முக்கியமான வேலையோ நொடிக்கு 50 சுற்று அலையும் வீட்டு மின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைப்பது. அதைச் செய்பவை, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடுகள்.

'அடாப்டருக்குள்ளும் குட்டி மின்மாற்றி இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. இன்றைய அடாப்டரில் 230 வோல்ட் முதலில் நான்கு டையோடுகள் வழியே போய், மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் நேர்திசையாகிறது. பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டப்பட்டு, அந்தக் குட்டி மின்மாற்றியில் குறைந்து, மறுபடியும் நேர்திசையாகி வெளியே வருகிறது. வெள்ளைப் பணியாரத்தில் உளுந்து இருக்கிறது என்பதற்காக 'இன்னும் ரெண்டு உளுந்து வைங்க' என்று யாராவது கேட்பார்களா?

'மின்னேற்றி' நல்ல சொல், ஆனால் அது பேட்டரி உள்ள பொருளுக்கு. ரவுட்டரில் எதை ஏற்றுவது? பாடநூலின் 'அலைதிருத்தி', மாறுதிசையை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையர் என்ற சுற்றுக்கானது. ரெக்டஸ் என்றால் லத்தீனில் நேர். 'திருத்தி' என்றதும் விடைத்தாள் திருத்துவது போலப் படுகிறது. மாறுதிசை மின்சாரம் என்ன பிழை செய்தது? ஆனாலும் உள்ளே இருக்கும் அந்தச் சுற்றுக்கு அது நிலைத்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். முழுக் கருவிக்கு என் ஓட்டு 'நேர்திசையாக்கி'. நீளம்தான், ஆனால் செய்யும் வேலையைச் சொல்கிறது. 'நேர்மின்' என்று சுருக்கினால் பாசிட்டிவ் மின்னூட்டத்தோடு குழம்பும்.

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953-ல் திறக்கப்பட்ட ஊர் இது. முலாம் பூசும் தொட்டிக்கு ரெக்டிஃபையர் இல்லாமல் வேலை நடக்காது என்று தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். குறிப்புத்தாளை அவர்களில் ஒருவரிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதே இல்லை, வார்த்தைப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். அடாப்டரின் முதுகில் உள்ளீட்டுக்கு மாறுதிசையைக் குறிக்கும் ஒரு நெளிகோடும், வெளியீட்டுக்கு நேர்திசையைக் குறிக்க நேர்கோட்டின் கீழே மூன்று சிறு கோடுகளும் அச்சடித்திருக்கிறது. தமிழ்ச் சொல் தோன்றாவிட்டால் அடாப்டர் என்றே எழுதட்டும், தெருமுனை டிரான்ஸ்பார்மரை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.