வியோசா ஆறு ஏன் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது?

அல்பேனியாவின் வியோசா ஆற்றைப் படத்தில் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “அகலமான கல் பரப்பில் ஒரே ஆறு ஏன் இத்தனை வாய்க்கால்களாக ஓடுகிறது? தண்ணீர் வற்றிவிட்டதா?” வற்றவில்லை. நிறையக் கல்லைச் சுமக்கும் ஆறு அப்படித்தான் ஓடும்.

கிரேக்கத்தின் பிந்தோஸ் மலையில் அவோஸ் என்ற பெயரில் பிறந்து, சுமார் 270 கிலோமீட்டர் ஓடி ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கிறது வியோசா. கி.மு. 198இல் ரோமத் தளபதி ஃபிளாமினினஸ், மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பைத் தோற்கடித்தது இந்தப் பள்ளத்தாக்கின் இடுக்கில்தான். கிரேக்கப் பகுதியில், ஊற்றுக்கு அருகே ஓர் அணை உண்டு. அல்பேனியாவுக்குள் ஆற்றின் போக்கை முழுமையாக மறித்து எதுவும் இல்லை.

சரி, கல்லுக்கு வருவோம். படுகையில் கிடக்கும் கல்லைத் தண்ணீர் தள்ளும் விசை, ஆழத்தையும் சரிவையும் பொறுத்தது. வெள்ளத்தில் உருண்டு வரும் கற்கள், ஆறு சற்று அகலமாகும் இடத்தை அடைகின்றன. அங்கே ஆழம் குறைகிறது, விசையும் குறைகிறது. முதலில் நிற்பவை பெரிய கற்கள். அவை நின்றதும் அவற்றின் மேல் ஓடும் தண்ணீரின் ஆழம் இன்னும் குறைகிறது. அதனால் மேலும் கற்கள் நிற்கின்றன. தட்டையான கற்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து படிவதால், அடுத்த வெள்ளம் அவற்றை எளிதில் பெயர்க்க முடியாது. நடு ஆற்றில் திட்டு எழும்பிவிடுகிறது. இருபுறமும் விலகும் தண்ணீர் கரைகளை அரிக்கிறது. கரையும் சரளைதானே, சட்டென்று சரிந்து ஆற்றுக்குப் புதிய கல்லைத் தருகிறது. திட்டின் கீழ்முனையில் இரு கிளைகளும் மோதும் இடத்தில் ஆழமான குழி விழுகிறது. அந்தக் குழியிலிருந்து கிளம்பிய கல் கொஞ்ச தூரத்தில் அடுத்த திட்டாகப் படிகிறது. ஒரு திட்டு இன்னொன்றைப் பெற்றெடுக்கும் இந்தத் தொடர்ச்சி என்னை எப்போதும் சொக்க வைக்கிறது. 1957இல் அமெரிக்க ஆற்று ஆய்வாளர்களான லியோபோல்டும் வோல்மனும் ஆய்வுக்கூடத் தொட்டியில் மணலையும் நீரையும் விட்டு இதைச் செய்துகாட்டினார்கள்.

வியோசாக் கரையிலுள்ள பெர்மெட் ஊரில் ராஃப்டிங் (ரப்பர் படகுச் சவாரி) போகிறவர்களுக்கும் தண்ணீரைப் படிக்கத் தெரிய வேண்டும். V வடிவில் அலைக்கோடுகள் கூடும் முனை, ஆறு ஓடும் திசையை நோக்கி இருந்தால், இரு பாறைகளுக்கு நடுவே ஆழமான வழி. முனை, ஆறு வரும் திசையை நோக்கி இருந்தால் அங்கே ஒரு பாறை மறைந்திருக்கிறது, விலக வேண்டும்.

அணை கட்டினால் கல் தேக்கத்திலேயே தங்கிவிடும். சுமை இல்லாத தண்ணீர் கீழே படுகையைத் தோண்டும், திட்டுகள் புதுப்பிக்கப்படாமல் புதர் மண்டும், கடற்கரைக்கும் மணல் கிடைக்காது. வியோசாவின் குறுக்கே கலிவாச் என்ற இடத்தில் தொடங்கிய அணை பாதியில் நிற்கிறது. அதே ஆற்றில் போச்செம் என்ற இடத்தில் இன்னொன்று திட்டமிடப்பட்டபோது, பல நாட்டு விஞ்ஞானிகள் 2017இல் அங்கே முகாமிட்டுப் பூச்சி, மீன், செடி, கல் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். அதே ஆண்டு அல்பேனியத் தலைநகர் டிரானாவின் நீதிமன்றம் அந்த அணைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2023 மார்ச்சில் வியோசா தேசியப் பூங்காவானது.

என் கருத்து ஒன்று. அணைக்கு ஒதுக்கும் பணத்தில் மிகச் சிறு பங்கையாவது முன்கூட்டியே ஆற்றை அளக்க ஒதுக்க வேண்டும். வெள்ளத்தில் எவ்வளவு கல் நகர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளப்பது பரபரப்பில்லாத வேலை. அதற்கு நிதி கேட்டால் எளிதில் கிடைப்பதில்லை. அந்தக் கணக்கு கையில் இல்லாமல் அணை வேண்டுமா வேண்டாமா என்று யாரும் நேர்மையாக முடிவெடுக்க முடியாது.