பதினாறு கட்டத்துக்குள் ஒரு நகரம்

நகரங்கள் அமைத்து நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டான 'சிவிலைசேஷன் 6' ஆடத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நிமிடத்தில் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கையில் கிடைத்த குடியேறியை நின்ற இடத்திலேயே உட்கார வைத்து, நகரம் அமைக்கும் பொத்தானை அழுத்திவிடுவார்கள். அப்போதைக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. நூறு டர்ன் (ஆட்டச் சுற்று) கழித்து அணை கட்டப் போகும்போதுதான், அடடா, ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றும்.

இந்த வரிசையின் முதல் விளையாட்டு 1991-ல் வந்தது. அதில் வரைபடம் முழுக்கச் சதுரங்கள். ஒரு நகரத்துக்கு அதன் சொந்தச் சதுரத்தையும் சேர்த்து 21 சதுரங்கள் கிடைக்கும். நூலகம், சந்தை, கோயில் என்று எத்தனை கட்டினாலும் எல்லாம் நகரத்தின் அந்த ஒரே சதுரத்துக்குள் அடங்கிக்கொள்ளும். கட்டடத்துக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை. 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் சதுரம் போய் அறுகோணம் வந்தது. 2016-ல் வந்த ஆறாம் பாகம்தான் கட்டடங்களை நகரத்துக்கு வெளியே இழுத்துப் போட்டது. பல்கலைக்கழகம் வேண்டுமா? முதலில் கேம்பஸ் என்ற டிஸ்ட்ரிக்டுக்கு, அதாவது ஒரே வகைக் கட்டடங்களுக்கான தனி வட்டாரத்துக்கு, ஒரு முழுக் கட்டத்தை ஒதுக்க வேண்டும். அதில் நூலகம் எழும்ப வேண்டும். அப்புறம்தான் பல்கலைக்கழகம், அதற்கும் பிறகுதான் ஆய்வுக்கூடம். ஒதுக்கிய கட்டத்தில் இனி வயலும் இல்லை, சுரங்கமும் இல்லை. ஒரு தடவை கட்டி முடித்த டிஸ்ட்ரிக்டை இடிக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது.

அதாவது, இங்கே தட்டுப்பாடாக இருப்பது நிலம். எவ்வளவு நிலம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

அறுகோணக் கட்டத்தைச் சுற்றி 6 அண்டைக் கட்டங்கள், அடுத்த வளையத்தில் 12, அதற்கடுத்ததில் 18. நகர மக்கள் வேலை செய்யப் போகக்கூடியது இந்த மூன்று வளையங்கள் வரைதான். மையத்தையும் சேர்த்தால் 37. சதுரத்தில் மூலைவிட்டமாகப் போனால் உண்மையான தூரம் 1.41 மடங்கு. ஆனால் விளையாட்டு அதையும் ஒரே அடி என்று எண்ணித் தொலைக்கும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம் என்பதால் அந்தப் பொய்க்கணக்கு இல்லை. அறுகோண வரைபடத்தில் தூரத்தைக் கண்டுபிடிக்கக் கணினிக்குப் பொதுவாகச் சொல்லித் தரும் வழியும் எளிதானது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று திசைகளில் மூன்று எண்கள், மூன்றையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம். நகரத்திலிருந்து ஒரு கட்டம் (3, −1, −2) என்றால், குறியை விட்டுவிட்டு இருப்பதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தூரம் 3.

37 கட்டம் கிடைக்கிறது என்றதும், ஒவ்வொரு நகரத்துக்கும் அதை முழுசாகக் கொடுத்து, ஒன்றின் எல்லை இன்னொன்றின் மேல் படாமல் தள்ளித் தள்ளி உட்கார வைக்கத்தான் கை போகும். அப்படிச் செய்ய மையத்துக்கு மையம் 7 கட்டம் வேண்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். என் பார்வையில் அது சுத்த வீண்.

ஏனென்றால் ஒரு குடிமகன் ஒரு கட்டத்தில்தான் வேலை செய்ய முடியும். மக்கள்தொகை 10 உள்ள நகரம் உழைப்பது 10 கட்டத்தில். நகர மையக் கட்டம் ஆளில்லாமலே விளையும். டிஸ்ட்ரிக்டுகளுக்கும் உச்சவரம்பு உண்டு: முதல் ஆளுக்கு ஒன்று, மக்கள்தொகை 4-ஐ எட்டினால் இரண்டாவது, 7-ல் மூன்றாவது, 10-ல் நான்காவது. நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும், இந்த எண்ணிக்கையில் சேராத தொட்டிப்பாலம் ஒன்றையும் கூட்டிக்கொள்வோம். பத்தும் ஒன்றும் நான்கும் ஒன்றும் பதினாறு. மீதி 21 கட்டம் சும்மா கிடக்கிறது.

விளையாட்டு விதிப்படி இரண்டு நகரங்களுக்கு நடுவே குறைந்தது மூன்று கட்டம் விட வேண்டும். அதாவது மையத்துக்கு மையம் 4. நகரங்களை ஆறு நேர்த் திசைகளிலும் இந்த இடைவெளியிலேயே நேர்வரிசையாக அடுக்கினால் தலைக்கு எத்தனை கட்டம் வரும்? இப்படிப்பட்ட அடுக்கில் இடைவெளியின் வர்க்கம்தான் விடை: 4 பெருக்கல் 4, பதினாறு. நடுத்தர நகரத்துக்குத் தேவையானது எதுவோ, இந்த நேர்வரிசை அடுக்கு கொடுப்பதும் அதுவே. வடிவமைத்தவர்கள் இதை எண்ணித்தான் வைத்தார்களா, தானாக அமைந்ததா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஊர்களைச் சீராகப் பரப்பினால் அவற்றின் சந்தைப் பரப்புகள் அறுகோணங்களாக அமையும் என்று ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-லேயே எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது தென் ஜெர்மனியின் ஊர்களை.

சரி, நகரம் 10-ஐத் தாண்டி 20, 25 என்று வளர்ந்தால் மீதிக் கட்டங்கள் உதவுமே? உதவும், ஆனால் வளர விடாமல் இரண்டு பிடிகள் இருக்கின்றன. முதலாவது சாப்பாடு. ஆளுக்கு ஒரு டர்னுக்கு 2 உணவு போக மிஞ்சியதைச் சேர்த்துத்தான் அடுத்த ஆள் பிறக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டாக 15 உணவு போதும். பத்திலிருந்து பதினொன்றாக 114 வேண்டும். இரண்டாவது பிடி வீட்டு வசதி. ஆறு, ஏரி, பாலைச்சோலை என நன்னீர் ஓரத்தில் அமைந்த நகரத்துக்கு எடுத்த எடுப்பில் 5. கடற்கரை மட்டும் என்றால் 3. எந்தத் தண்ணீரும் இல்லாவிட்டால் 2. வீட்டு வசதி மக்கள்தொகையைவிட ஒன்றே ஒன்றுதான் கூடுதல் என்னும் நிலை வந்ததும் வளர்ச்சி பாதியாகும். இரண்டும் சமமானால் கால்வாசி. நன்னீரின் 5, தானியக் களஞ்சியத்தின் 2, தொட்டிப்பாலத்தின் 2, வயல் ஒன்றுக்கு அரை என்று நாலு வயலுக்கு 2. கூட்டினால் 11. நகரம் பத்தில் வந்து மூச்சு வாங்குவது இதனால்தான்.

நெருக்கி வைப்பதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு குடியேறியும் முந்தையதைவிடச் செலவு கூடியவர், கிளம்பும்போது தாய் நகரத்திலிருந்து ஓர் ஆளைக் குறைத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஒரு வகை ஆடம்பரப் பொருள் நான்கு நகரங்களைத்தான் மகிழ்விக்கும். பத்துப் பன்னிரண்டு நகரம் என்று போனால் இந்த மகிழ்ச்சிக் கணக்கு உதைக்கத் தொடங்கும்.

இனி அந்தப் பதினாறுக்குள் எதை எங்கே வைப்பது என்று பார்ப்போம். டிஸ்ட்ரிக்டின் விளைச்சலைப் பெருக்குவது அக்கம்பக்க போனஸ். கேம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு மலைக்கும் 1 அறிவியல். வணிக மையம் ஆற்றைத் தொட்டால் 2 தங்கம். இவை சுலபம், நிலத்தைப் பார்த்தாலே தெரியும். எனக்குப் பிடித்தது தொழிற்பேட்டை, ஏனென்றால் அதன் போனஸ் நாமே கட்டுகிறவற்றிலிருந்து வருகிறது. 2019-ல் வந்த 'கேதரிங் ஸ்டார்ம்' விரிவாக்கத்தின்படி, பக்கத்தில் தொட்டிப்பாலம் இருந்தால் 2 உற்பத்தி, அணை இருந்தால் இன்னொரு 2. இரண்டுமே டிஸ்ட்ரிக்டுகள் என்பதால் ஆளுக்கு அரை வீதம் இன்னும் 1. ஆக 5. அரசின் கொள்கையாக நாம் தேர்ந்தெடுக்கும் அட்டைகளில் கைவினைஞர் அட்டையைச் செருகினால் இரட்டித்து 10. நிலக்கரி மின்நிலையமும் வந்துவிட்டால், அது தன் பங்குக்கு இந்த போனஸ் அளவு உற்பத்தியை மறுபடியும் தரும்.

ஆனால் மூன்றுக்கும் நிபந்தனைகள் வேறு வேறு. தொட்டிப்பாலம் நகர மையத்தையும் தொட வேண்டும், ஆறு, ஏரி, பாலைச்சோலை, மலை இவற்றில் ஒன்றையும் தொட வேண்டும். ஆறுதான் மூலம் என்றால், அது மையத்துக்கும் பாலத்துக்கும் இடையிலுள்ள ஒரு விளிம்பில் மட்டும் ஓடினால் செல்லாது. வேறு விளிம்பிலும் ஓட வேண்டும். அணை வெள்ளச் சமவெளியில்தான் எழும்பும், அந்தக் கட்டத்தின் இரண்டு விளிம்புகளிலாவது ஆறு வளைந்து ஓட வேண்டும், ஒரு ஆற்றுக்கு ஒரு அணைதான். தொழிற்பேட்டைக்கு மட்டும் பெரிதாகப் பிடிவாதம் இல்லை.

இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க அறுகோணம் ஒரு வசதி செய்து தருகிறது. எந்த முனையை எடுத்தாலும் அங்கே சரியாக மூன்று கட்டங்கள் சந்திக்கும், மூன்றும் ஒன்றுக்கொன்று அண்டை. ஆகவே தேட வேண்டியது ஒரு முனையை. எதிலிருந்து தேடத் தொடங்குவது? பலரும் நகரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் அணையிலிருந்து பின்னோக்கி வருவேன், ஏனென்றால் அதற்குத்தான் இடம் மிகக் குறைவு. அட்டவணை போடும் கணினி நிரல்கள்கூட, வாய்ப்பு குறைந்ததை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதற்கு வரும் முறையைத்தான் பெரும்பாலும் கையாள்கின்றன. அணைக்கு ஒரு குறி, பக்கத்தில் தொட்டிப்பாலத்துக்கு ஒரு குறி, அதைத் தொடுகிற மாதிரி நகர மையம், அணையும் பாலமும் சந்திக்கும் முனையில் மிஞ்சிய கட்டத்தில் தொழிற்பேட்டை. வரைபடத்தில் குறி குத்தி வைக்கும் வசதி விளையாட்டிலேயே இருக்கிறது. நான்கு கட்டம் தள்ளி இரண்டாவது நகரம் வந்தால், அதன் தொழிற்பேட்டையும் அதே அணையின் மறுபக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். அணை யாருடையது என்று போனஸ் கேட்பதில்லை.

இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆய்வுகள் முன்னேற முன்னேற டிஸ்ட்ரிக்டின் விலை ஏறிக்கொண்டே போகும். அடித்தளத்தைப் போட்டுவிட்டால் அன்றைய விலை அப்படியே நின்றுவிடும். அதனால் இடத்தைப் பிடித்துவிட்டு, உற்பத்தியை வேறு வேலைக்குத் திருப்பி, சாவகாசமாகத் திரும்பி வந்து கட்டலாம்.

இதெல்லாம் தெரிந்தும் போன மாதம் ஓர் ஆட்டத்தில் சொதப்பினேன். மூன்று மலைகளுக்கு நடுவே ஒரு கட்டம், கேம்பஸுக்கு அள்ளித் தரும் இடம். யோசிக்காமல் போட்டேன், நூலகமும் எழும்பியது. அணைக்கான நுட்பம் வந்து வரைபடத்தைப் புரட்டினால், அந்த ஆற்றில் இரண்டு விளிம்பு நனைந்த ஒரே வெள்ளச் சமவெளியின் மேல் என் நூலகம் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு தடவை வெள்ளம் வந்தது.