ஆசிரியர் வேலைக்கு ஏன் வந்தோம்? சொல்லும் காரணமும் சொல்லாத காரணமும்

ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களிடம் ‘இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள்?’ என்று நேராகக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். பிள்ளைகளைப் பிடிக்கும், சமூகத்துக்கு ஏதாவது செய்யவேண்டும். யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் ஆலோசனைக்கு வரும் ஆசிரியர்களிடம் நான் பார்ப்பது வேறு. அவர்கள் வேலையில் மனம் உடைந்துபோகும் இடம் பெரும்பாலும் அந்தப் பதிலுக்குள் வராத ஏதோ ஒன்றோடு சேர்ந்திருக்கிறது.

வகுப்பே தன்மீது பிரியமாக இருந்தும், முகம் கொடுக்காத ஒரே ஒரு மாணவனை நினைத்துத் தூங்காமல் கிடக்கும் ஆசிரியர்கள் உண்டு. பேசப் பேச, சின்ன வயதில் யாரும் கண்டுகொள்ளாமல் வளர்ந்த கதை வெளியே வரும். பள்ளியில் அவமானப்பட்டவர், ‘என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அழக்கூடாது’ என்ற உறுதியோடு வருவார். அருமையான உறுதி. ஆனால் ஒருவன் இன்னொருவனைக் கேலி செய்யும்போது அவருக்கு வரும் கோபம், அந்தத் தப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் இருக்கும். அங்கே அவர் கண்ணுக்குத் தெரிவது பழைய வகுப்பறை.

சரி, இந்தச் சொல்லாத காரணத்தை அளக்க முடியுமா? வெளிப்படையான காரணங்களை அளக்க நல்ல கருவி இருக்கிறது. ஹெலன் வாட், பால் ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட ‘ஃபிட்-சாய்ஸ்’ அளவுகோல் அது. பணிப் பாதுகாப்பு, குடும்பத்துக்கு நேரம், பிள்ளைகளின் எதிர்காலத்தை உருவாக்கும் ஆசை என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பிடச் சொல்வார்கள். ‘வேறு வேலை கிடைக்காததால் வந்தேன்’ என்பதற்கும் அதில் இடம் உண்டு. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும், தனக்குத் தெரிந்த காரணத்தைத்தான் ஒருவர் அதில் குறிக்க முடியும்.

தன் நடத்தைக்கான உண்மையான காரணம் பல நேரம் மனிதருக்கே தெரிவதில்லை என்றும், அப்போது பொருத்தமாகத் தோன்றும் விளக்கத்தையே சொல்கிறார் என்றும் நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் 1977-லேயே வாதிட்டார்கள். தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் போக்கைக் கண்டுபிடிக்க, கிரவுன், மார்லோ என்ற உளவியலாளர்கள் 1960-ல் தந்த 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. அதுவும் மறைந்த காரணத்தைத் தோண்டி எடுத்துத் தராது.

அதனால் பக்கவாட்டில் கேட்க வேண்டியிருக்கிறது. படத்தைக் காட்டிக் கதை சொல்ல வைக்கும் சோதனை 1935-லிருந்தே இருக்கிறது. அதில் வெளிப்படும் உந்துதலும், அதே ஆள் கேள்வித்தாளில் குறிக்கும் உந்துதலும் பெரிதாக ஒத்துப்போவதில்லை. ஆனால் கதைக்கு மதிப்பெண் போடுபவருடைய மனமும் அதில் கலந்துவிடும். பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாக மதிப்பிட்டு ஒப்பிடாத முடிவை நான் நம்பமாட்டேன்.

நடைமுறையில் எனக்கு அதிகம் உதவுவது எளிய கேள்விகள். உங்களால் மறக்க முடியாத ஆசிரியர் யார்? எப்படிப்பட்ட மாணவர் உங்களை உடனே எரிச்சலூட்டுகிறார்? ‘ஒரு மாணவர் என்னை மதிக்காதபோது நான்…’ என்ற வாக்கியத்தை முடித்துத் தாருங்கள். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒருவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி கழித்திருப்பார் என்று சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல் கணக்கிட்டார். இவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்து பார்த்த வேலையைப் பற்றி மனதில் எதுவும் தங்காமல் இருக்குமா?

அப்புறம், ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகளை ஆளெடுப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒருவரைத் தேர்ந்தெடுக்கவோ தள்ளவோ போதுமான துல்லியம் இவற்றுக்கு இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் பதிலும் உண்மையாக வராது. காயத்தோடு வந்தவர் மோசமான ஆசிரியர் ஆவார் என்பதும் சரியில்லை. தன் காயத்தை அறிந்தவர்கள் பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக் காலத்திலேயே, மதிப்பெண் இல்லாமல், பெயர் பதிவு இல்லாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்க்கலாம். எழுதிய தாள் எழுதியவரிடமே இருக்கட்டும். கல்லூரி முதல்வர் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே மாதிரியான மாணவரிடம் மட்டும் திரும்பத் திரும்பக் கோபம் வருகிறது, விடுமுறையிலும் அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை என்றால், அந்தத் தாளோடு ஒரு ஆலோசகரைப் பாருங்கள்.